கம்ஃபர்ட் மோட்

பெரியப்பா எதைப் பார்த்தாலும் முதலில் தட்டிப் பார்ப்பார். நடுவிரலை மடக்கி அதன் முட்டியால் இரண்டு தட்டு. டொக், டொக். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு கீழுதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிடித்துக் கிள்ளிவிடலாம் போலிருக்கிறது.

என் அம்மாவுடைய அக்காளின் புருஷன் அவர். மலேசியாவில், மலாக்கா பக்கத்து லூபோக் சீனாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் ஓரத்து வீடு. வங்கியில் கார் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் யார் தகுதி இருந்து கார் வாங்கினார்கள், யார் வெறும் ஆசையில் வாங்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் மாட்டார். பேரைச் சொல்லி எழுத எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. எழுதினால் பெரியம்மாவின் பேரும் கூடவே வந்துவிடும். அதனால் விட்டுவிடுகிறேன்.

காரைத் தட்டிப் பார்ப்பதில் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். டாஷ்போர்டைத் தட்டினால் கட்டிப் பிளாஸ்டிக்கா, அமுக்கினால் அமுங்குகிற மெத்தைப் பூச்சா என்று தெரிந்துவிடும். பெரிய பிராண்டு சின்ன கார் ஒன்றுக்கு டர்போ வைத்து வேக வண்டியாக்கி விற்கும். சின்ன பிராண்டும் அதையே செய்து பாதி விலைக்கு விற்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்தான் போகும். அப்புறம் எதற்கு ஒருத்தன் இரட்டை விலை கொடுக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதையே பெரியப்பா பிறவிக் கடமையாக வைத்திருந்தார். பசியாற உட்கார்ந்தால் தோசை ஆறும் வரைக்கும் பேசுவார்.

"கலை, இங்க பாரும்மா. மேல தட்டுனா எல்லாக் காரும் ஒண்ணுதான் லா. கீழ தட்டு. முட்டிக்குக் கீழ, எவனும் பாக்காத எடத்துல தட்டு. சின்ன பிராண்டு அங்கதான் மாட்டிக்கும். பெரிய பிராண்டு அங்கயும் ஒழுங்கா செஞ்சிருப்பான்."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் தடவை கேட்டபோது நான்கூடத் தலையாட்டினேன். மனுஷன் காரோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பெம்பானில் எங்கள் தூரத்து உறவுக்காரர் ஒருவர் இறந்துபோனார். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற குடும்பம். வீட்டு நடுவில் பெட்டியை வைத்து, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வரிசையில் வந்தார், கைகூப்பினார், குனிந்தார். எல்லாரும் பெட்டியைத் தொட்டுக் கும்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தோம். டொக், டொக். இறந்தவரின் மகன் அழுது வீங்கிய கண்ணோடு நிமிர்ந்து பார்த்தான். பெரியப்பா அவன் தோளில் கைவைத்து, "பலகை நல்ல பலகை, தம்பி. உள்ள ஃபினிஷிங்தான் கொஞ்சம் மட்டம்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பெரியம்மா அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். 

மனிதர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். கார்க் கடையில் சொல்கிற மாதிரி, மலிவானது பேஸ் மாடல், எல்லா வசதியும் உள்ளது ஃபுல் ஸ்பெக், அவ்வளவுதான் உலகம். தோட்டத்தில் லாரி ஓட்டிய என் அப்பா பேஸ் மாடல். "ஆனா ரொம்ப நாள் ஓடும்" என்று முதுகில் தட்டுவார். அப்பா சிரிப்பார். அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவார்.

ஒரு தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தோம். பெரியம்மா முறுக்குத் தட்டோடு வந்தபோது யாரோ கேட்டார்கள், "அப்ப அக்கா எந்த மாடல், மாமா?" பெரியப்பா யோசிக்கவே இல்லை. "கட்டும்போது ஃபுல் ஸ்பெக். இப்ப சர்வீஸ்தான் அதிகம் இழுக்குது" என்றார். வீடே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். அப்போது அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக நான் அந்த வீட்டில் முறுக்குத் தின்பதை நிறுத்தினேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

அவருடைய காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் கார். இங்கிலாந்தில் யாரோ கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விற்றது, கப்பலில் வந்து இறங்கியது. சின்ன உருவம், உள்ளே முரட்டு டர்போ. உட்காருமிடம் எல்லாம் வெளிர்சாம்பல் தோல், அதில் சிவப்பு நூல் தையல். ஒரு பொத்தானை அமுக்கினால் வண்டியின் குணமே மாறும். ஸ்போர்ட் மோடில் போட்டால் உறுமும். கம்ஃபர்ட் மோடில் போட்டால் ரோட்டுப் பள்ளமெல்லாம் எங்கே போச்சு என்று தேட வேண்டும். எனக்குக் கார் என்றாலே பிடிக்கும், அந்தக் காரையும் பிடிக்கும். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பூசை போடக் கோயிலுக்குக் கொண்டுபோனார். பூசாரி சந்தனத்தை விரலில் தொட்டுக்கொண்டு பானெட்டுக்குக் குனிந்தார். "சாமி, சாமி, பெயிண்ட் மேல வேணாம்" என்று பெரியப்பா பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நம்பர் பிளேட்ல வைங்க. அது பிளாஸ்டிக்தான்." கற்பூரமும் தூரத்திலேயே. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததற்கு மட்டும் ஒத்துக்கொண்டார், அதையும் வீட்டுக்கு வந்ததும் டயரில் இருந்து கழுவிவிட்டார். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு காலைத் துடைக்க வாசலில் ஒரு துணி. பிறகு அந்தத் தொல்லையும் வேண்டாம் என்று யாரையும் ஏற்றுவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து போர்வையைப் போட்டு மூடுவார். மற்ற நாளெல்லாம் பழைய மோட்டார் சைக்கிள்தான்.

நான் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனையில் வேலை பார்க்கிறேன். சேர்த்து வைத்து நானும் ஒரு கார் வாங்கினேன். ஜப்பான்காரன் செய்த சின்ன டர்போ வண்டி, மஞ்சள் நிறம், கையால் போடுகிற கியர். சின்ன பிராண்டுதான். உள்ளே எங்கே தட்டினாலும் கட்டிப் பிளாஸ்டிக்தான். ஆனால் எடை இல்லாத உடம்பு, வளைவில் விட்டால் ஒட்டிக்கொண்டு போகும். சாவியைக் கையில் வாங்கிய அன்று நான் அழுதேன்.

மறுநாளே பெரியப்பா வந்து நின்றார். சாவியைக் கேட்டு வாங்கி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மஸ்ஜித் தானா ரோட்டில் விட்டார். மூன்றாவது கியரில் டர்போ இழுத்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். பல் தெரியச் சிரித்தார். தன்னை மறந்து, "ஆஹா!" என்று ஒரு கத்துகூடக் கத்தினார். திரும்பி வந்து இறங்கினார். வாசலில் என் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். கதவைச் சாத்தினார். உதட்டைப் பிதுக்கினார்.

"கேட்டீங்களா சத்தத்த? பிஸ்கட் டின்னு. என் வண்டியில 'தப்'புன்னு விழும்."

"ஓட்டும்போது சிரிச்சீங்களே பெரியப்பா" என்றேன்.

"யாரு, நானா? சஸ்பென்ஷன் கெராஸ், கல்லு மாதிரி. இடுப்பு வலியில பல்லக் கடிச்சேன்."

அன்றிலிருந்துதான் அவர் மேல் எனக்குக் கோபம் போய் அருவருப்பு வந்தது. தனக்கு வந்த சந்தோஷத்தையே இல்லை என்கிற ஆள், வேறு எதைத்தான் ஒத்துக்கொள்ளப் போகிறார்?

சஸ்பென்ஷன் கெராஸ் என்றது மட்டும் உண்மை. வளைவில் ஒட்டிப் போகிற வண்டி பள்ளத்தில் குதிக்கும். வாங்கும்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரியம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான் அதன் வலி தெரிந்தது.

வாரத்துக்கு மூன்று நாள், மலாக்கா பட்டணத்தில் ஒரு தர்ம நிலையத்தில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். பெரியம்மாவுக்கு ஊசி குத்த வாகாக முதலில் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு வலது கையில் செய்தார்கள். முழங்கைக்குக் கீழே அது கயிறுபோலப் புடைத்து நின்றது. விரலை வைத்தால் உள்ளே குறுகுறுவென்று ஓடுவது தெரியும். காலையில் எழுந்ததும் பெரியம்மா இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொள்வார். ஓட்டம் இருந்தால் நிம்மதி. அந்தக் கையால்தான் அரிசி களைந்தார், அந்தக் கையால்தான் பெரியப்பாவுக்குச் சோறு போட்டார்.

கூட்டிக்கொண்டு போவது யார் என்ற பேச்சு வந்தபோது பெரியப்பா வாசலைப் பார்த்தார். போர்வை போர்த்திய காரைப் பார்த்தார். "ஊசி குத்துற எடம், ரத்தம், அது இதுன்னு... லெதர் பாரு. ஒரு சொட்டு விழுந்தா அவ்வளவுதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. ஒரே மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவனைச் சொல்லிப் பயனில்லை. பெரியம்மாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கி, கார் ஓட்டுவதை எப்போதோ விட்டாகிவிட்டது.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் பெரியப்பா. "உன் வண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

இரவு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்த கையோடு லூபோக் சீனாவுக்குப் போவேன். பெரியம்மா துண்டும் தலையணையுமாக வாசலில் நிற்பார். அவரை நிலையத்தில் விட்டுவிட்டு, முடியும் வரைக்கும் காரிலேயே சுருண்டு தூங்குவேன். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போதுதான் கொடுமை. உடம்பில் இருந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சி எடுத்திருப்பார்கள். காலில் குறக்களி பிடித்து இழுக்கும், தலை சுற்றும், ஊசி எடுத்த இடத்தில் கட்டு. செம்பனைக் குலை ஏற்றின லாரிகள் ஓடி ஓடிக் குழியான ரோடு. ஒவ்வொரு குழிக்கும் பெரியம்மா பல்லைக் கடிப்பார். "வலிக்குதா பெரியம்மா?" என்றால், "இல்லம்மா, உன் வண்டி துள்ளுது, எனக்கும் விளையாட்டா இருக்கு" என்பார்.

அந்தத் துள்ளலைக் கேட்க முடியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். வண்டியோடு வந்த பெரிய விளிம்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சின்ன விளிம்பும் தடித்த டயரும் மாட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வளைவில் ஒட்டிப் போவதும் போயிற்று. ஆனால் குழியில் கொஞ்சம் மெத்தென்று இறங்கியது. பெரியம்மா சாய்ந்து தூங்கக்கூட ஆரம்பித்தார். பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஸ்போர்ட் காருக்குக் கிழவி செருப்பு மாட்டிவிட்டா, பாரு!" என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த மாதத்தில்தான் முட்டை விஷயம் நடந்தது. பெரியப்பாவோடு வேலை பார்த்த நண்பர்கள் சிலர் வந்திருந்தார்கள். பேச்சு வழக்கம்போல அங்கேயே போயிற்று. பெரிய பிராண்டுக்கும் சின்ன பிராண்டுக்கும் என்னதான் வித்தியாசம் என்று ஒருவர் சீண்டிவிட்டார். பெரியப்பா எழுந்தார். ஒரு தட்டு முட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, காரின் பின்பெட்டியில் வைத்தார். கம்ஃபர்ட் மோடில் போட்டு, நண்பர்களோடு தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஒரு முழுச் சுற்று வந்தார். இறங்கிப் பையை அவிழ்த்தார். ஒரு முட்டைகூட உடையவில்லை.

"பாத்தீங்களா? கொழந்தைய வச்சாக்கூட முழிக்காது" என்றார். கை தட்டினார்கள்.

நான் பெரியம்மாவை டயாலிசிஸ் முடித்து அப்போதுதான் கொண்டுவந்து இறக்கியிருந்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று இதைப் பார்த்தார். பெரியப்பா முட்டைத் தட்டை அவர் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் ஆம்லெட் போடு" என்றார். வலது கையில் கனம் தூக்கக் கூடாது என்று நிலையத்து நர்ஸ் மிஸ்ஸி ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார். தட்டை நான் பிடுங்கிக்கொண்டு போனேன். அடுப்பில் ஆம்லெட் போடும்போது, ஒவ்வொன்றிலும் எச்சிலைத் துப்பிவிடலாமா என்று தோன்றியது. துப்பவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு என் வண்டியின் கிளட்ச் போயிற்று. பட்டறையில் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு ஒரு நாள் நீங்க கூட்டிட்டுப் போங்க பெரியப்பா. திரும்பும்போது நானும் வர்றேன்." பட்டறையில் ஒரு நாளிலேயே முடிக்க முடியாதா என்று கேட்டார். கடைசியில், "சரி லா, பாக்குறேன்" என்றார்.

கூட வேலை செய்கிறவளின் மோட்டார் சைக்கிளில் நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முடிந்ததும் பெரியம்மாவைத் தாங்கிக்கொண்டு காருக்குக் கூட்டிவந்தேன். கதவைத் திறந்தேன். முன் இருக்கையில், குப்பை கட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கிழித்து விரித்திருந்தது. அதன்மேல் பழைய நாளிதழ். காலையில் வரும்போதும் பெரியம்மா அதில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார். நாளிதழ் கசங்கி உட்கார்ந்த தடம் தெரிந்தது.

"இதுல எப்படி உக்காருவாங்க?" என்றேன்.

"சும்மா ஒரு சேஃப்டிக்கு லா. ஏறச் சொல்லு, வெயில்ல கதவத் தொறந்து வைக்காத."

பெரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு குலுக்கல் இல்லை. அவர் இத்தனை நாள் பீற்றிக்கொண்டதெல்லாம் அத்தனையும் சத்தியம். எந்தக் குழியும் தெரியவில்லை. இந்தச் சுகத்தைப் போர்வை போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் இந்த மனுஷன் பெரியம்மாவை என் வண்டியில் துள்ளவிட்டிருக்கிறார். எனக்கு உள்ளே கொதித்தது.

புக்கிட் ரம்பாய் தாண்டும்போது பெரியம்மா, "கலை" என்றார், மெதுவாக. ஊசி எடுத்த இடம் திறந்துகொண்டது. கட்டு நனைந்து, ரத்தம் முழங்கை வழியாக இறங்கி, இரண்டு இருக்கைக்கும் நடுவில் கை வைக்கிற மெத்தையில் விழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக்கும் நாளிதழும் இருக்கையில்தான் இருந்தன. நடுவில் விரிக்கப் பெரியப்பாவுக்குத் தோன்றவில்லை.

நான் பின்னாலிருந்து எட்டி, என் துப்பட்டாவைச் சுருட்டி அந்த இடத்தை அமுக்கிப் பிடித்தேன். பெரியப்பா சடாரென்று ஓரங்கட்டி நிறுத்தினார். கதவுப் பையில் இருந்து டிஷ்யூ பெட்டியை எடுத்தார். கொத்தாக உருவினார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டி, அந்த மெத்தையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தையல்ல எறங்கிடுச்சு. ஐயோ, தையல்ல எறங்கிடுச்சு" என்று முனகிக்கொண்டே துடைத்தார். எச்சிலைத் தொட்டுத் துடைத்தார். பெரியம்மாவின் கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, அவர் புருஷனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாழ்க்கையில் பார்த்த அசிங்கங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

"கலை, கதவத் தொற. நான் எறங்கணும்" என்றார் பெரியம்மா.

"எங்க எறங்குற? இரு இரு, ஊறிப் போச்சுன்னா போவாது" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

இறங்கினோம். பேருந்து நிற்குமிடத்தில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற மலாய்க்கார மக்சிக் அம்மா ஒருவர், நாங்கள் வருவதைப் பார்த்ததுமே தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். சுத்தமான துணி ஒன்றைக் கொடுத்து, கெட்டியாக அழுத்திப் பிடி என்று மலாயில் சொன்னார். பெரியம்மாவின் நெற்றியைத் தன் முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டார். பெரியப்பா கண்ணாடியை இறக்கினார்.

"நான் போய் கார் கழுவுற கடையில குடுத்துட்டு வந்துர்றேன். காயறதுக்குள்ள எடுக்கணும். நீங்க வாடகைக் கார் பிடிச்சு வீட்டுக்குப் போயிருங்க."

கண்ணாடி ஏறியது. கார் போயிற்று. ரத்தம் நிற்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். நின்றதும் பெரியம்மா சொன்னார், "உன் வீட்டுக்குப் போலாம்மா."

அப்படித்தான் பெரியம்மா என் வீட்டுக்கு வந்தார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, பெரியப்பா போன்கூடப் பண்ணவில்லை. பெரியம்மா நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். ஆனால் சாயங்காலமானால், "அவரு ராத்திரிக்கு என்னா சாப்பிடுறாரோ" என்பார். துணிப்பையை எடுத்து மடித்து மடித்து வைப்பார். எனக்கு எரிச்சலாக வரும். அந்தத் தலைமுறைப் பெண்களின் மனசு எதில் செய்தது என்றே தெரியவில்லை. பெரியப்பா வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், பெரியம்மா கிளம்பிவிடுவார். மறுபடியும் அந்த வீடு, அந்தச் சோறு, அந்தக் குப்பைப் பை. அந்த ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று நான் தினமும் சாமியைக் கும்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். காரை வெயில் படாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டு, துண்டுக்கு அடியில் இரண்டு கையும். பெரியப்பா எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பெருந்தன்மை.

"மெத்தைய மாத்திட்டேன்" என்றார். "கோலாலம்பூர்ல இருந்து வர வச்சேன். அதே தோலு, அதே நூலு. ஒரு சொட்டுத் தெரியாது. வேணும்னா வந்து பாரு."

பெரியம்மா மடியில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு உன் மேல கோவமே இல்ல. நீ வேணும்னா பண்ண? தெரியாம நடந்துச்சு. விட்டுத் தள்ளு. வீட்டுக்கு வா. இனிமே நானே கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேன். பழைய வண்டி ஒண்ணு அதுக்குன்னே பாத்து வச்சிருக்கேன். உன்ன நான் பாத்துக்குறேன்."

பாத்துக்குறேன் என்ற சொல்லில் பெரியம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். போச்சு, என்று நினைத்தேன். துணிப்பை சுவரோரம் மடித்தபடி தயாராக இருந்தது.

"ஏங்க" என்றார் பெரியம்மா. "எனக்கு எந்தக் கையில ஊசி குத்துறாங்க?"

"என்னா கேள்வி இது?"

"சொல்லுங்களேன்."

பெரியப்பா துண்டைப் பார்த்தார். துண்டுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லிவிட வேண்டும் என்று பெரியம்மா வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இடது..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் காற்றில் தூக்கி ஸ்டீரிங் பிடிக்கிறதுபோல வைத்துக்கொண்டார். "இரு, இரு. நான் இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம். கறை பட்டது நடு மெத்தையில. அப்படின்னா..." முகம் மலர்ந்தது. கண்ணைத் திறந்தார். "வலது! வலது கை!"

பெரியம்மா அழவில்லை. கலங்கின கண்கூடக் காய்ந்துபோயிற்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கலை, பெரியப்பாவுக்குக் கோப்பி கலக்கிக் குடும்மா. குடிச்சிட்டுக் கிளம்பட்டும்."

கலக்கிக் கொடுத்தேன். சரியாகத்தானே சொன்னேன் என்கிற முகத்தோடு, அதை அவர் கடைசி மடக்கு வரைக்கும் குடித்தார்.